காலையில் நான்கு அடி

ஜனவரி 9

மதிப்பிற்குரிய அண்ணாவுக்குத் தங்கையின் வணக்கம்.

மூட்டு அறுவைச் சிகிச்சை முடிந்து நீங்கள் வீடு திரும்பியதை அண்ணி தொலைபேசியில் சொன்னார். உங்களிடம் கொடுக்கச் சொன்னேன். "வேணாம்மா. போன்ல பேசினா ரெண்டு பேரும் கத்துவீங்க, நடுவுல எனக்குத்தான் தலைவலி. ஏதாவது சொல்லணும்னா எழுது. எழுதும்போதாவது யோசிப்பீங்க" என்றார். ஆகவே எழுதுகிறேன்.

மூன்று மாதங்களுக்கு முன் உங்கள் பக்திச் சொற்பொழிவு முடிந்த கையோடு, மண்டபத்து வாசலில் பத்துப் பேர் காது கேட்க, "முன்வரிசையில் ஏழு பேர் தூங்கினார்கள்" என்று நான் சொன்னது உண்மை. சொன்ன இடம் தவறு. எண்ணிக்கை தவறன்று. இடத்துக்காக வருந்துகிறேன்.

இப்போது உங்கள் உதவி வேண்டியிருக்கிறது. இவ்வாண்டு எனக்கு மூன்றாம் வகுப்பு. முப்பத்து நான்கு பிள்ளைகள். அவர்களுள் ஒருத்தியைப் பள்ளி முழுவதும் பம்பரம் என்றே அழைக்கிறது. பெஞ்சில் அமர்ந்த அரை நிமிடத்தில் ஒரு கால் மடங்கும், மறு கால் ஆடும், பென்சில் உருளும், அதை எடுக்கக் குனிந்தவள் அடுத்த பெஞ்சுக்கு அடியிலிருந்து எழுந்து வருவாள். கெட்ட எண்ணம் துளியும் இல்லை. ஆனால் அவள் ஆடினால் அந்த வரிசையே ஆடுகிறது.

நேற்றுத் தலைமையாசிரியர் அழைத்தார். "அடுத்த மாசம் இருபத்தாறாம் தேதி கல்வி அதிகாரி வர்றார், டீச்சர். அன்னிக்கும் அந்தப் பொண்ணு இப்படிச் சுத்திக்கிட்டு இருந்தா, அவங்கம்மாவைக் கூப்பிட்டு டி.சி.யைக் கையில கொடுத்துடுவேன். ஒருத்திக்காக முப்பத்துமூணு பேரைக் கெடுக்க முடியாது" என்றார். இரண்டு பள்ளிகள் ஏற்கெனவே அப்படிக் கொடுத்துத்தான் அவள் எங்களிடம் வந்தாள்.

முப்பதாண்டு ஆசிரியையாக இருந்தும் எனக்கு வழி தெரியவில்லை. நீங்கள் ஐந்நூறு பேரை இரண்டு மணி நேரம் அசையாமல் உட்கார வைப்பவர். தூங்குவது வேறு செய்தி. அந்த வித்தையைச் சொல்லுங்கள்.

தங்கை

ஜனவரி 16

தங்கைக்கு ஆசிகள்.

ஏழு பேர் அல்லர், ஐவர். எஞ்சிய இருவர் பக்தியில் கண் மூடியிருந்தனர். அவர்களுள் ஒருவர் பிறகு வந்து என் கையைப் பற்றிக்கொண்டு அழுதார். தூங்கியவர் அழுவதுண்டா?

உன் வினாவுக்கு வருகிறேன். கல்வியின் முதற்படி அசையாமை. காற்றில்லா அறையில் சுடர் நிற்பதுபோல் உடல் நிற்க வேண்டும். உடல் நின்றால் உள்ளம் நிற்கும். உள்ளம் நின்ற இடத்தில்தான் சொல் வந்து அமரும். எனவே, பிள்ளைகளை முதுகு நிமிர்த்தி உட்காரச் செய். கைகளைக் கட்டச் சொல். பாதங்கள் தரையைத் தொட்டிருக்கட்டும். பார்வை கரும்பலகையில். நாளுக்கு ஐந்து நிமிடம் கூட்டிக்கொண்டே போ. இரண்டே வாரத்தில் அந்தப் பெண் தீபம்போல் அமர்ந்திருப்பாள்.

எனக்குத் தையல் ஆறத் தாமதமாகும் என்கிறார்கள். அதுவரை கட்டிலை விட்டு இறங்கக் கூடாதாம். நல்லதுதான். நான் போதிக்கும் அசையாமையை இறைவன் எனக்கே அருளியிருக்கிறான்.

அண்ணன்

ஜனவரி 25

அண்ணாவுக்கு வணக்கம்.

சொன்னபடியே செய்தேன். ஐந்து நாட்கள்.

நீங்கள் கண்டால் மகிழ்ந்திருப்பீர்கள். முப்பத்து நான்கு முதுகுகளும் சுவர்போல் நின்றன. பம்பரமும் கை கட்டி, உதட்டைக் கடித்து, நெற்றி வியர்க்க அமர்ந்திருந்தாள். தலைமையாசிரியர் சன்னல் வழியே எட்டிப் பார்த்துத் தலையசைத்துவிட்டுப் போனார். நானும் பெருமையோடு எட்டாம் வாய்ப்பாட்டை நடத்தி முடித்துவிட்டு, "மூவெட்டு எவ்வளவு?" என்று பம்பரத்தைக் கேட்டேன். விழித்தாள். "இவ்வளவு நேரம் கவனித்தாயே?" என்றேன்.

"உக்காருறதுலயே எல்லாம் தீந்துபோச்சு டீச்சர். கணக்குக்கு ஒண்ணும் மிச்சமில்ல."

அண்ணா, அந்த வாக்கியம் என்னை விடவில்லை. மற்றவர்களைக் கேட்டேன். அவர்களுக்கும் ஏறக்குறைய மிச்சமில்லை.

மறுநாள் அவளைச் சாக்பீஸ் எடுத்து வர அலுவலகத்துக்கு அனுப்பினேன். திரும்பி வரும்போது படிக்கட்டிலிருந்து குரல் கேட்டது. படிக்கு ஒன்றாகத் தாண்டி, ஓரெட்டு எட்டு, ஈரெட்டு பதினாறு, மூவெட்டு இருபத்து நான்கு என்று பிசகாமல் சொல்லிக்கொண்டே ஏறி வந்தாள். மேற்படியில் என்னைக் கண்டதும் பயந்து வாயை மூடிக்கொண்டாள்.

அவள் தாய் நகரப் பேருந்தில் நடத்துநர். மாலையில் சீருடையோடு வந்தார். உட்காரச் சொன்னேன். "வேணாம் டீச்சர், எனக்கு உக்காந்தா எதுவும் ஓடாது. எட்டு மணி நேரம் ஆடுற வண்டியில நின்னுக்கிட்டே எல்லாருக்கும் சரியா சில்லறை குடுக்குறேன். எம்பொண்ணை மட்டும் ஏன் உக்காரு உக்காருங்குறாங்க?" என்றார்.

ஒன்று நினைவுக்கு வந்தது. பள்ளி நாட்களில் நீங்கள் எதையும் உட்கார்ந்து மனனம் செய்ததே இல்லை. கூடத்துக்கும் அடுக்களைக்கும் இடையே நடந்துகொண்டே இருப்பீர்கள். "தரை தேஞ்சா யாருடா போட்டுத் தர்றது?" என்று அம்மா கத்துவார். மறந்துவிட்டீர்களா?

இன்னொன்று, கோபிக்காதீர்கள். நீங்கள் தினமும் கும்பிடும் சாமி ஒற்றைக் காலில் ஆடிக்கொண்டிருக்கிறார். அவர் வகுப்பில் உங்கள் விதி செல்லுமா?

தங்கை

பிப்ரவரி 3

தங்கைக்கு.

நான் நடந்து மனனம் செய்ததில்லை. உன் கற்பனை.

இவ்வாறு ஒரு கடிதம் எழுதி, உறையிலிட்டு, ஒட்டியும் விட்டேன். அதைக் கிழித்துப்போட்டுவிட்டு இதை எழுதுகிறேன்.

உனக்கு மட்டும் சொல்கிறேன். கட்டிலில் கிடந்த இந்நாட்களில் எனக்கு ஓர் அச்சம் பிடித்தது. ஐம்பதாண்டுகளாக விடியலில் சொல்லிவரும் துதி ஒன்று உண்டு. பத்துப் பாடல். படுத்தபடி சொல்லத் தொடங்கினால் மூன்றாம் பாடலின் நடுவில் நின்றுவிடுகிறது. மறுபடி முதலிலிருந்து, மறுபடி அதே இடம். என்னிடம் இருந்ததெல்லாம் சொல்தான்; அதையும் இறைவன் திரும்ப வாங்கிக்கொள்கிறானோ என்று கலங்கினேன். உன் அண்ணியிடமும் சொல்லவில்லை. வெறுமனே உதட்டை அசைத்து அவளை ஏமாற்றினேன்.

நேற்று பிசியோதெரபி செய்யும் பெண் வந்து, நான்கு கால் ஊன்றுகோலைக் கொடுத்து, "வாசல் வரைக்கும் போயிட்டு வாங்க தாத்தா" என்றாள். தாத்தா என்றதற்கே கோபம் வந்தது. ஆனாலும் இறங்கினேன். வழக்கம்போல் துதியைத் தொடங்கினேன். முதல் எட்டில் முதற்பாடல். வாசலை அடைவதற்குள் மூன்றாம் பாடலின் நடுவிடம் வந்தது. வலக்காலைத் தூக்கினேன். வரி தானாக வந்து விழுந்தது. அடுத்த காலுக்கு அடுத்த வரி. வாசற்கதவைப் பிடித்துக்கொண்டு நின்று அழுதேன். அந்தப் பெண் பயந்து, "வலிக்குதா?" என்றாள்.

உன் அண்ணி அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்து, "இது தெரியாதா உங்களுக்கு? கல்யாணமான நாள்லேர்ந்து பாக்குறேன், நடக்காம உங்களுக்கு ஒரு வரி வந்ததில்ல. அந்தத் தரையைப் பாருங்க, எங்க தேஞ்சிருக்குன்னு" என்றாள். பார்த்தேன். கட்டிலுக்கும் வாசலுக்கும் இடையே ஓர் ஒற்றையடிப் பாதை மின்னுகிறது.

ஆடும் சாமியைப் பற்றிய உன் குறும்புக்கு நான்கு நாள் விடை தேடினேன். கிடைக்கவில்லை. தோற்றேன்.

செய்யுளில் ஒலியின் சிற்றலகுக்கு முன்னோர் வைத்த பெயரையே இப்போதுதான் கவனிக்கிறேன்: அசை! அசையாமல் செய்யுள் எப்படிப் பிறக்கும்? எட்டாம் வாய்ப்பாட்டை எட்டு வைத்தே நடக்கும்படி உனக்காகக் கட்டியிருக்கிறேன்.

ஓரெட்டு எட்டென்று ஒருகாலை முன்னெடு;
ஈரெட்டுப் பதினாறு என்றிரு கால்சேர்;
மூவெட்டு இருபத்து நான்கென்று சுற்றிவா;
நாலெட்டு முப்பத் திரண்டில்வந்து நில்.

ஐயெட்டு நாற்பதில் அரைவட்டம் போ;
ஆறெட்டு நாற்பத்து எட்டென்று குதி;
ஏழெட்டு ஐம்பத் தாறென்று திரும்பு;
எட்டெட்டு அறுபத்து நான்கில்வந்து நில்.

கடைசிச் சொல் 'நில்' என்பதைக் கவனி. அதை மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

முறையை அடுத்த தாளில் தனியாக எழுதியிருக்கிறேன், மேசையில் வைத்துக்கொள். அதில் உள்ளது இதுதான்: ஒவ்வொரு பிள்ளைக்கும் காலையில் நான்கு அடி கொடு. தவறினால் மறுபடியும் அதே நான்கு அடி. ஒருவரையும் விட்டுவிடாதே. பம்பரத்துக்கு மட்டும் முதல் நாளிலிருந்தே எட்டு அடி கொடு, அவள் தாங்குவாள்.

அண்ணன்

பிப்ரவரி 13

அண்ணா, அண்ணா!

சிரித்துச் சிரித்து விலா வலிக்கிறது. ஆனால் நேற்றுக் காலை பத்து மணிக்கு இதே சிரிப்புதான் என்னை மாட்டிவிட்டது.

முதலில் நல்ல செய்தி. பெஞ்சுகளைச் சுவரோரம் தள்ளி, நடுவில் சாக்பீஸால் பாதங்கள் வரைந்தேன். பதினேழு பேர் நடக்க, பதினேழு பேர் நின்ற இடத்திலேயே கால் மாற்றிச் சொல்வார்கள், பிறகு மாறிக்கொள்வார்கள். ஏழே நிமிடம். அதன்பின் அமர்ந்தால் அரை மணி நேரம் எழுதுகிறார்கள். நடத்துநர் பணிமனையிலிருந்து பழைய டயர் டியூப் ஒன்றை வாங்கி, பட்டையாக அறுத்து, பம்பரத்தின் பெஞ்சுக் கால்களுக்கு இடையே கட்டிவிட்டுப் போனார். இப்போது அவள் பாதம் சத்தமில்லாமல் அதை மிதித்துக்கொண்டிருக்கும்; கை எழுதிக்கொண்டிருக்கும். டியூப் கேட்டு இதுவரை பதினோரு விண்ணப்பம்.

இனி விபத்து. முறையைத் தனித் தாளில் எழுதினீர்கள் அல்லவா? அந்தத் தாளை வருகைப் பதிவேட்டுக்குள் செருகியிருந்தேன். பதிவேடு தலைமையாசிரியர் மேசைக்குப் போயிற்று. அழைப்பு வந்தது. தாளை இரண்டு விரலால் பிடித்திருந்தார்.

"இது யார் எழுதினது?"

"எங்க அண்ணன் சார்."

"என்ன தொழில்? ரவுடியா?"

"பக்திச் சொற்பொழிவாளர் சார்."

"காலையில நாலு அடி. தப்பினா மறுபடியும் நாலு. ஒருத்தரையும் விடாதே. அந்தச் சின்னப் பொண்ணுக்கு எட்டு, அவ தாங்குவா! இதுதான் பக்தியா? நான் கண்டிப்பானவன்தான், ஆனா முப்பது வருஷத்துல ஒரு பிள்ளை மேல கை வெச்சதில்ல!"

விளக்க வாயெடுத்தேன். சிரிப்பு முந்திக்கொண்டது. அது என் குற்றத்தை உறுதி செய்துவிட்டது. நடத்துநருக்கு ஆளனுப்பிவிட்டார். அவர் வரும் வரை நான் நின்றேன். தலைமையாசிரியர் என்னை உட்காரச் சொல்லவில்லை.

நடத்துநர் தாளை வாங்கிப் படித்தார். "ஓகோ! அதான் விஷயமா? இவ வீட்டுக்கு வந்து, 'இன்னிக்கு எட்டு அடி வாங்கினேம்மா, மத்தவங்களுக்கெல்லாம் நாலுதான்'னு குதிக்கிறா. நானும் ஒரு நிமிஷம் ஆடிப்போயிட்டேன். அப்புறம் அடுப்படியில அந்த எட்டு அடியையும் நடந்து காட்டினா. பாட்டு சார் அது! அடி வாங்கின பிள்ளை யாராவது இன்னும் நாலு வேணும்னு கேக்குமா?" என்றார்.

தலைமையாசிரியர் தாளை மடித்து மேசையில் வைத்தார். "எழுதினவர் கைப்பட விளக்கம் வரட்டும்" என்றார். இருபத்தாறாம் தேதி பற்றிய அவர் எச்சரிக்கை அப்படியேதான் இருக்கிறது. நடப்பதெல்லாம் சரி, அதிகாரி முன்னால் எல்லோரும் பெஞ்சில் இருக்க வேண்டுமாம்.

விரைந்து எழுதுங்கள், ரவுடி அண்ணா.

தங்கை

பிப்ரவரி 18

தங்கைக்கு.

தலைமையாசிரியர் அவர்களுக்கான விளக்கத்தை இணைத்துள்ளேன். அதன் சாரம்: பாட்டின் வரிக்கு அடி என்று பெயர், பிரம்பின் வீச்சுக்கும் அடி என்று பெயர், எடுத்து வைக்கும் காலும் அடி, இறைவனின் பாதமும் அடி. நான்கையும் ஒரே சொல்லில் வைத்த மொழியின்மீது குற்றமில்லை. சூழல் பாராமல் எழுதிய கிழவன்மீதே குற்றம். பிள்ளையை அடிக்கக் கூடாதென்று அவர் கொண்ட சினத்துக்கு என் தலை தாழ்ந்த வணக்கம் என்றும் எழுதியிருக்கிறேன். அது முகமன் அன்று. ஏன் என்று உனக்குச் சொல்கிறேன்.

விளக்கம் எழுதும்போது நினைவு வந்தது. எனக்கு எட்டு வயது. பெஞ்சில் அமர்ந்து காலாட்டியபடி பாடம் ஒப்பித்தேன். ஒரு வரியும் பிழையில்லை. ஆனாலும் ஆடிய காலுக்காக ஆசிரியர் முழங்காலில் அடித்தார், நான்கு முறை. அன்றிலிருந்து பிறர் பார்க்க நான் அசைந்ததில்லை. வீட்டில் மட்டும், அம்மாவின் தரையில் நடந்தேன். பிற்காலத்தில் அசையாமையே உயர்வென்று மேடையில் முழங்கினேன். அந்த அடியை மறக்க முயன்று இந்த அடியையும் மறந்திருக்கிறேன். அறுபது ஆண்டுகள்! முழங்காலுக்கு ஆறுதல் சொல்ல அறுவைச் சிகிச்சை வேண்டியிருந்தது.

வருந்தி எழுதவில்லை. சிரித்துக்கொண்டுதான் எழுதுகிறேன். இன்று காலை ஊன்றுகோலோடு முப்பத்து நான்கு எட்டுகள் நடந்தேன், பிள்ளைக்கு ஒன்றாக. முப்பத்து நான்காவதில் ஒரு குட்டிச் சுற்றும் சுற்றினேன். பம்பரத்துக்காக. உன் அண்ணி போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டார் ஓடி வந்துவிட்டனர்.

இருபத்தாறாம் தேதி உன் மனம் சொல்வதைச் செய். விடியலில் உங்களுக்காக அந்தப் பத்துப் பாடலையும் நடந்தே சொல்வேன்.

அண்ணன்

பிப்ரவரி 27

அன்புள்ள அண்ணா,

நேற்று நான் கோழையானேன். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

பெஞ்சுகளை வரிசையில் போட்டேன். சாக்பீஸ் பாதங்களை அழித்தேன். "டீச்சர், இன்னிக்கு நடக்கலையா?" என்று பம்பரம் கேட்டாள். "இன்று வேண்டாம்" என்றேன். அவள் முகம் சுருங்கியதைக் காணாததுபோல் இருந்துவிட்டேன்.

கல்வி அதிகாரி வந்தார். பின்னால் தலைமையாசிரியர். முப்பத்து நான்கு பேரும் கை கட்டி அமர்ந்திருந்தனர். சுற்றிப் பார்த்துவிட்டு, "ஏழெட்டு எவ்வளவு? யார் சொல்றீங்க?" என்றார்.

ஒரு கையும் எழவில்லை. மற்றவர்களுக்கு நான் கொடுத்தது முதல் நான்கு அடிதான். எட்டு அடியும் தெரிந்தவள் ஒருத்தியே. அவள் உதடுகள் அசைந்தன, நின்றன. குனிந்து தன் பாதங்களைப் பார்த்தாள். உங்கள் மூன்றாம் பாடல் நின்ற இடம் அப்போது என் நினைவுக்கு வந்தது, அண்ணா.

அவள் எழுந்தாள். தலைமையாசிரியர் கண்ணை மூடிக்கொண்டார்.

"சார், நடந்து சொல்லலாமா?"

அதிகாரி என்னைப் பார்த்தார். அந்த ஒரு நொடியில் என் முப்பதாண்டும் அடங்கியிருந்தது. "சொல்லட்டும் சார்" என்றேன்.

கரும்பலகைக்கு முன் வந்தாள். அழித்த பாதங்கள் அவளுக்குத் தெரிந்தன போலும். ஓரெட்டு, ஈரெட்டு, சுற்றல். நாலெட்டுக்குள் பின்னாலிருந்து முப்பத்து மூன்று குரல்கள் தாமாகவே சேர்ந்துகொண்டன. அங்கே எல்லோரும் நின்றுவிட, அவள் தனியே தொடர்ந்தாள். அரைவட்டம், குதி, "ஏழெட்டு ஐம்பத் தாறென்று திரும்பு!" சரியாக அதிகாரியின் முகத்துக்கு நேரே திரும்பினாள். பிறகு, "அறுபத்து நான்கில்வந்து நில்."

நின்றாள். அண்ணா, நீங்கள் விட்டுக்கொடுக்காத அந்தச் சொல்! அவள் மட்டுமன்று, வகுப்பே நின்றது. சுவர்க் கடிகாரத்தின் முள் நகர்வது கேட்டது. யாரும் கை கட்டவில்லை. யாரும் உதட்டைக் கடிக்கவில்லை. நீங்கள் சொன்ன தீபத்தை நான் நேரில் பார்த்தேன். நடந்து வந்து நின்ற தீபம்.

அதிகாரி மெதுவாக, "இன்னொரு வாட்டி" என்றார். இரண்டாம் முறை, என் நாற்காலியில் அமர்ந்துவிட்ட அவருடைய காலணி மேசைக்கடியில் தாளம் போட்டது.

"ரெண்டு வாரமா நானே மேற்பார்வை பண்ணிக்கிட்டு வர்றேன் சார்" என்றார் தலைமையாசிரியர். போகட்டும், அண்ணா. மாலையில் அவர் அலுவலகத்தைக் கடந்தேன். கதவு சிறிது திறந்திருந்தது. உள்ளே அவர் மூவெட்டில் சுற்றிக்கொண்டிருந்தார்.

டி.சி. பேச்சு முடிந்தது. நான்காம் வகுப்புக்கும் ஒன்பதாம் வாய்ப்பாடு கட்டித் தரச் சொல்லியிருக்கிறார்கள். மாலையில் மகளை அழைக்க வந்த நடத்துநர் என் நாற்காலியில் முதன்முறையாக உட்கார்ந்தார். உட்கார்ந்து, முகத்தை மூடிக்கொண்டு அழுதார். பம்பரம் அவரைச் சுற்றிச் சுற்றி வந்தாள்.

ஏழு பேர் அல்லர், ஐவர்தான். ஒப்புக்கொள்கிறேன்.

தங்கை

மார்ச் 10

அன்புத் தங்கைக்கு.

ஒன்பதாம் வாய்ப்பாட்டை இணைத்துள்ளேன். உறையின்மேல், 'பாட்டின் அடி மட்டும்' என்று சிவப்பு மையில் எழுதியிருக்கிறேன். இனி ஒரு தலைமையாசிரியரும் கலங்க வேண்டாம்.

நேற்று மண்டபத்தில் மீண்டும் பேசினேன். கையில் கோலோடு மேடையில் நடந்தபடியே. நடுவில் சபையை எழச் சொல்லி, ஒரு துதியை நின்ற இடத்திலேயே கால் மாற்றிச் சொல்லச் செய்தேன். முதலில் தயங்கினார்கள். பிறகு ஐந்நூறு பேரின் காலடியில் மண்டபம் அதிர்ந்தது. முன்வரிசையில் ஒருவர் மட்டும் தூங்கினார். உன் அண்ணி. ஐந்து வாரமாக என்னோடு நடந்து களைத்துவிட்டாளாம்.

வரும் திங்கட்கிழமை பகல் ரயிலில் இருவரும் புறப்படுகிறோம். வாய்ப்பாடு கட்டியவன் அதை நடக்கும் பாதங்களைக் காண வேண்டாமா? உன் வகுப்பில் சாக்பீஸ் பாதங்களை மறுபடி வரைந்து வை. ஒரு சோடி மட்டும் சற்றுப் பெரிதாக இருக்கட்டும். பம்பரத்துக்குப் பின்னால் வரிசையில் எனக்கு ஓர் இடம் பிடித்து வை.

ஒரே ஒரு வேண்டுகோள். வயதானவர், மூட்டு வலி என்று யாராவது நாற்காலியோடு ஓடி வருவார்கள். தடுத்துவிடு.

என்னை உட்காரச் சொல்லாதே.

அண்ணன்